தரங்கம்பாடிக் கடற்கரையில் வரலாற்று விளக்கப் பலகைகள்: எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது?

பொறையாறு வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு முன்னுள்ள திடலில் தொடங்கிக் கடற்கரையோரமாக மாசிலாமணிநாதர் கோவில் வரை நடந்து செல்பவர்கள், அங்கங்கே நின்று படிக்கும்படி ஆறேழு விளக்கப் பலகைகள் வைக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு முன்வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். பேரூராட்சியிடமும் தொல்லியல் துறையிடமும் அதைக் கொடுப்பதற்கு முன், இத்தகைய பணியில் பழக்கம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

மாலை நேரத்தில் இங்கே வருபவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். கோட்டை பின்னால் தெரியும்படி படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிறிது நேரம் அலையில் கால் நனைத்துவிட்டுச் சுண்டல் வாங்கித் தின்றபடி திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருப்பதையே அறியாமல் போகிறவர்கள் நிறையப் பேர். போன மாதம் ஒரு சிறுமி தன் தந்தையிடம், "இதை வெள்ளைக்காரர் கட்டினாரா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். எந்த வெள்ளைக்காரர், எதற்காக, யார் கொடுத்த நிலத்தில் என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு வரி கூட இல்லை.

எங்கள் வரைவு ஆண்டு வரிசையில் அமைந்திருக்கிறது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தது, டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவ கெத்தே தலைமையில் வந்தவர்கள் கோட்டை எழுப்பியது, 1706இல் சமயம் பரப்ப சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்து இறங்கியது, அச்சுக்கூடம், 1845இல் ஆங்கிலேயருக்கு ஊர் விற்கப்பட்டது, கடைசியாக 2004 டிசம்பர் 26 என்று அது போகிறது. வரைவைப் படித்த மூத்தவர் ஒருவர், "இது டேனிஷ்காரர் வந்து போன கதை, ஊரின் கதை இல்லையே" என்றார். அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. ஆனால் எப்படி மாற்றி அமைப்பது என்று தெரியவில்லை.

ஆழிப்பேரலையைப் பற்றி எழுதலாமா என்பதிலும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. விடுமுறைக்கு வருபவர்கள் முன் அதை வைக்கக் கூடாது என்கிறார்கள் சிலர். அதைச் சொல்லாமல் விட்டால் பலகை முழுவதுமே பொய்யாகிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். பலகைக்கு எந்தப் பொருள் உகந்தது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும், ஏனெனில் இந்த உப்புக் காற்றில் என் வீட்டுச் சன்னல் கம்பியே மூன்று ஆண்டு தாங்குவதில்லை.

ஓய்வுபெற்ற காப்பாளர் (பதில்)

ஐயா, உங்கள் மூத்தவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் குறை ஆண்டு வரிசையிலும் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் நடப்பவர் எந்த முனையிலிருந்தும் வருவார். கோவிலில் தொடங்கிக் கோட்டைக்கு வருபவருக்கு உங்கள் வரலாறு பின்னோக்கி ஓடும். ஆகவே ஒவ்வொரு பலகையும் மற்றொன்றைப் படித்திராதவருக்கும் தனியாகப் பொருள் தர வேண்டும். ஓரிடத்தில் நிற்பவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைப் பற்றி அங்கே எழுதுங்கள். தெரியாத ஒன்றைப் பற்றி எழுதுவதானால், அது முன்பு எங்கே இருந்தது என்று கைகாட்டும்படி எழுதுங்கள். புத்தகத்தில் படிக்கலாம் என்று சொல்லக்கூடிய எதையும் வெயிலில் நிற்க வைத்துப் படிக்கச் சொல்லக் கூடாது.

கோட்டைப் பலகையையே எடுத்துக்கொள்வோம். கட்டிய ஆண்டு, அறைகளின் எண்ணிக்கை, ஆளுநர்களின் பட்டியல் என்று எழுதினால் யாரும் மூன்றாம் வரியைத் தாண்ட மாட்டார்கள். மாறாக, டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி வைத்த சீகன்பால்கு, அதே அரசரின் ஆளுநரால் 1708இன் இறுதியில் இந்தக் கோட்டையில் அடைக்கப்பட்டு நான்கு மாதம் சிறையிருந்தார் என்று தொடங்கிப் பாருங்கள். படிப்பவர் தலையை உயர்த்திச் சுவரைப் பார்ப்பார். வணிகம் நடத்த வந்தவர்களுக்கும் சமயம் பரப்ப வந்தவர்களுக்கும் இடையே இருந்த பகையைத் தனியாக விளக்கத் தேவையே இல்லாமல் அந்த ஒரு செய்தி சொல்லிவிடும்.

ஒரு பலகைக்குத் தமிழில் 80 முதல் 100 சொற்கள் போதும். தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே இருக்கட்டும். வடிவமைப்பாளர்கள் இரண்டுக்கும் ஒரே எழுத்தளவை வைத்து, வரிகளுக்கு இடையிலும் ஒரே இடைவெளியை விட்டுவிடுகிறார்கள். நம் சொற்கள் நீளமானவை. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்பவை. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழ் நெரிந்து போகும். தமிழ்ப் பகுதியை முதலில் அடுக்கிப் பார்த்து, அதற்கேற்பப் பலகையின் அளவை முடிவு செய்யுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன், முழு அளவில் தாளில் எடுத்துக் கரைக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரையும் ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் திக்குகிற இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

பொருளைப் பற்றி என் பட்டறிவைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடலோர ஊரில் நாங்கள் வைத்த பலகைகள், சாயம் பூசிய இரும்புச் சட்டத்தில் வினைல் ஒட்டியவை. இரண்டாம் வடகிழக்குப் பருவமழைக்குள் திருகாணித் துளைகளிலிருந்து துரு வடிந்து எழுத்தின் மேல் கோடு கோடாக இறங்கியது. அதைவிட வேதனை, வரைபடத்தில் நடைவழியைச் சிவப்பில் காட்டியிருந்தோம். வெயிலில் சிவப்பு முதலில் போயிற்று, கடலின் நீலம் மட்டும் நின்றது. வழி இல்லாத வரைபடத்தின் முன் மக்கள் நின்று தேடிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால் இரும்பு வேண்டாம். எவர்சில்வர் என்றாலும் 304 தரம் கடலோரத்தில் பழுப்பேறிவிடும்; 316 தரம் கேளுங்கள். சட்டத்துக்கு ஓர் உலோகமும் திருகாணிக்கு வேறோர் உலோகமும் வைத்தால், உப்பு ஈரத்தில் ஒன்று மற்றதை அரித்துவிடும். என்றும் மாறாத செய்திகளைக் கருங்கல்லில் பொறிக்கலாம். ஆய்வில் மாறக்கூடிய செய்திகளைக் கழற்றி மாற்றத்தக்க தகட்டில் வையுங்கள், ஏனெனில் கல்லில் வந்த பிழையைத் திருத்த முடியாது.

ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கடலைப் பார்த்து நிற்பவருக்கு மாலை வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து, அவர் முன்னால் சாய்வாக இருக்கும் பலகையில் நேராக விழும். வழவழப்பான மேற்பரப்பாக இருந்தால் சரியாகக் கூட்டம் வரும் நேரத்தில் ஒன்றும் படிக்க முடியாது. மங்கலான பூச்சே நல்லது. பலகையைச் சாய்வாகவும் தாழ்வாகவும் வைத்தால் கடலை மறைக்காது, சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். பார்வையற்றவர்களுக்குப் பிரெய்ல் வைப்பதானால் உலோகத்தில் வேண்டாம், பகல் வெயிலில் அதன் மேல் விரல் வைக்க முடியாது.

கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் சுவரில் ஓர் ஆணி கூட அடிக்கக் கூடாது. கரையில் அடித்தளம் தோண்டுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். அந்த விண்ணப்பங்களை இப்போதே தொடங்கிவிடுங்கள். எழுத்து வேலை முடிந்த பிறகு தொடங்கினால் ஓராண்டு போய்விடும்.

கல்வெட்டு ஆர்வலர் (பதில்)

ஊரின் பெயரிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. மாசிலாமணிநாதர் கோவில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் "அலைகள் பாடும் ஊர்" என்று மட்டும் எழுதுகின்றன. பாடி என்பது வாணியம்பாடியிலும் காட்பாடியிலும் உள்ளதைப் போல ஊரைக் குறிக்கும் ஈறு. பாடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அந்த விளக்கத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தரங்கம் என்றால் அலை என்று அறிந்த யாரோ பழைய பெயரைக் கடலோசையோடு பொருத்திக் கேட்டிருக்கிறார்கள், அது மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. கல்வெட்டில் உள்ள பெயர் இது, மக்கள் கேட்ட பொருள் இது, டேனிஷ்காரர் வாயில் அது டிராங்கெபார் ஆயிற்று என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரு பெயர் எப்படி வாழ்கிறது என்பதைப் படிப்பவர் உணர்வார்.

1620ஐப் பற்றிய பலகையில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "கைப்பற்றினர்" என்றோ "பிடித்தனர்" என்றோ எழுத வேண்டாம். இரகுநாத நாயக்கர் உடன்படிக்கை செய்து இடம் கொடுத்தார். டேனிஷ்காரர் தஞ்சைக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டினர். நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு எழுதிய கடிதம் பொன்னேட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது, இன்றும் கோபன்ஹேகனில் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓர் ஐரோப்பிய அரசருக்குத் தமிழில், அதுவும் பொன்னில் எழுதி அனுப்பிய ஊர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் படத்தை இசைவு பெற்று உண்மையான அளவில் வைக்க முடிந்தால், வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது. 1845இல் வங்காளத்தில் டேனிஷ்காரர் வசமிருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். மக்களைக் கேட்காமல் ஓர் ஊர் கைமாறியது என்பது அந்தத் தொகையிலேயே தெரியும்.

சீகன்பால்கு பலகையில் அவருக்குத் தமிழ் கற்பித்தவர்களையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களோடு வந்து சீகன்பால்குவின் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித்தான் சீகன்பால்கு நம் எழுத்தைக் கற்றார். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரும் உடனிருந்து உதவினார். 1714இல் புதிய ஏற்பாடு தமிழில் இங்கே அச்சேறத் தொடங்கியதை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் மணலில் எழுதிய அந்த முதல் எழுத்தை யாரும் சொல்வதில்லை. அந்தப் பலகையின் அருகே ஒரு கல்தொட்டியில் மணல் நிரப்பி வைத்து, "அ" என்ற எழுத்தைப் பக்கத்தில் பொறித்து விடுங்கள். குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்குவார்கள். மணலுக்கு இங்கே பஞ்சமா?

மீனவர் குடும்பத்து ஆசிரியை (பதில்)

நான் இந்தக் கரையில் பிறந்தவள், இப்போது அருகிலுள்ள ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பலகைகள் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் முன், விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நாளும் காலை ஒன்பது மணிக்கு ஒரு நாளும் வந்து கரையைப் பாருங்கள். படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், பிய்ந்த வலையை உட்கார்ந்து கோக்கும் இடம், மீன் ஏலம் போகும் இடம் எல்லாம் மாலையில் வருபவர்களுக்கு வெறும் மணலாகத்தான் தெரியும். அங்கே ஒரு கம்பம் நட்டால் எங்கள் வேலை நின்றுபோகும், கம்பமும் நிற்காது.

உங்கள் வரைவில் கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அந்தக் கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் எங்கே? துறைமுகம் இல்லாத இந்தத் திறந்த கரையில் பெரிய கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுத்தான் நிற்க முடியும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி வர உள்ளூர் ஆட்களின் கையும் கண்ணும் வேண்டும். என் தாத்தாவின் கட்டுமரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காய வைப்பார். மறுநாள் இருட்டிலேயே தடவிப் பார்த்து எந்த மரம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துக் கட்டிவிடுவார். கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்கும் டேனிஷ் மொழிக்கும் அப்படியே போயிருக்கிறது. மணல் தொட்டி வைப்பது போல மூன்று மரத்துண்டுகளும் கயிறும் வைத்து, கட்டிப் பாருங்கள் என்று எழுதி வையுங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் நாங்கள் வைத்திருக்கும் பெயர்களுக்கு ஒரு பலகை கொடுங்கள். அதை எழுத எங்கள் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

ஆழிப்பேரலையைச் சொல்லத்தான் வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று பூவும் பாலும் கொண்டு கரைக்கு வருகிறோம், அதைப் பார்க்கும் வெளியூர்ப் பிள்ளைகள் என்னவென்று கேட்கிறார்கள். ஆனால் சடலங்களின் படம் வேண்டாம். "கொலைகார அலை" என்று தலைப்பு வேண்டாம். நாங்கள் நாளையும் அதே கடலில்தான் இறங்க வேண்டும். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்ற ஒரு வரி போதும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியை ஒட்டிய நேரம், சுமத்ரா அருகே நிலம் நடுங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது, எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதை எழுதுங்கள். அதன் கீழே, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் நின்று பார்க்காதீர்கள், இந்தத் தெரு வழியாக மேற்கே ஓடுங்கள் என்று அம்புக்குறி போடுங்கள். இறந்தவர்களின் பெயரைப் பொறிப்பதைப் பற்றி அந்தந்தக் குடும்பத்தைக் கேட்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது. என் தங்கையின் பெயரை வெயிலில் நிற்பவர்கள் விரலால் தடவிப் படிப்பதை என் தாய் விரும்ப மாட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவோ பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பார்.

பொறையாறு வாசகர்

மூவருக்கும் நன்றி. அம்மா, உங்கள் கடைசி வரிகளைப் படித்துவிட்டு நேற்று ஒன்றும் எழுத முடியவில்லை. பெயர்களை இப்போதைக்கு வரைவிலிருந்து எடுத்துவிட்டோம். ஊர்ப் பஞ்சாயத்தார் மூலம் வீடு வீடாகக் கேட்ட பிறகே அதைப் பற்றிப் பேசுவோம். ஆண்டு வரிசையையும் விட்டுவிட்டோம். காற்று, நீரோட்டப் பெயர்களுக்கான பலகையை நடைபாதையின் நடுவில் வைக்க இருக்கிறோம். இரண்டு நாள் விடியற்காலையில் வந்து பார்த்தேன். முன்பு குறித்திருந்த இடங்களில் இரண்டு, நீங்கள் சொன்னபடியே வலைக்காரர்களின் இடங்கள். அவற்றை மாற்றிவிட்டோம்.

கோவில் பலகைக்கு நான் எழுதியிருப்பது இது. தயவு செய்து திருத்துங்கள்.

"நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கடலைப் பாருங்கள். இந்தக் கோவிலின் முன்பகுதி ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நீண்டிருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் அழைக்கிறது. டென்மார்க்கின் கப்பல்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு பட்டினம் இருந்தது. அதன் கரையைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கிவிட்டது. இப்போது நீங்கள் காணும் பாறைக்கற்கள், மிச்சத்தைக் காப்பதற்காகப் போடப்பட்டவை."

கல்வெட்டு ஆர்வலர்

நன்றாக வந்திருக்கிறது. "300 ஆண்டுகளுக்கு முன்பே" என்பதை "300 ஆண்டுகளுக்கும் முன்பே" என்று ஆக்குங்கள், கணக்கு அப்போதுதான் சரியாக இருக்கும். கல்வெட்டின் படத்தை வைத்தால், சடங்கன்பாடி என்ற சொல் உள்ள இடத்தை மட்டும் வட்டமிட்டுப் பக்கத்தில் இன்றைய எழுத்தில் எழுதுங்கள்.

மீனவர் குடும்பத்து ஆசிரியை

"விழுங்கிவிட்டது" வேண்டாம் ஐயா. எங்கள் வீடுகளில் "கடல் ஏறி வந்துவிட்டது" என்றுதான் சொல்வோம், அப்படியே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள். காலை பத்து மணிக்கு முழு அளவுத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். வலை கோக்கும் இடத்தில் பெரியவர்கள் இருப்பார்கள், நான் படித்துக் காட்டுகிறேன்.